தரவைக் கொடுத்தால் போதாது, விதியையும் கொடுங்கள்

அமெரிக்காவில் ஒரு தொண்டு மருத்துவமனையின் தலைவர் ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வருமான வரி விலக்குப் பெற்ற மருத்துவமனைகள், தனியார் பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் ‘990’ வரிசைப் படிவம் ஒன்றை ஐ.ஆர்.எஸ். எனப்படும் அந்நாட்டு வரித் துறையிடம் கொடுக்க வேண்டும். வரவு, செலவு, நிர்வாகிகளின் பெயர், அவர்கள் வாங்கும் ஊதியம் எல்லாம் அதில் இருக்கும். அது பொதுமக்கள் பார்வைக்கு உரிய ஆவணம் என்று சட்டமே சொல்கிறது. வரிச் சலுகை வேண்டுமா, கணக்கை ஊருக்குக் காட்டு என்பதுதான் உடன்பாடு.

உடன்பாடு சரி, காட்டிய விதம்தான் விசித்திரம். 2004 முதல் இந்தப் படிவங்களைக் கணினி வழியே அனுப்பலாம் என்றானது. அப்படி வந்தவை ‘எக்ஸ்.எம்.எல்.’ என்ற வடிவில், ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியதுபோல, கணினி நேரடியாகப் படிக்கத்தக்க கோப்புகளாக வந்தன. வரித் துறை என்ன செய்தது? அவற்றைப் படங்களாக மாற்றி, டி.வி.டி.யில் பதிந்து விற்றது. எண்ணாக வந்தது படமாகப் போனது. வாங்கியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து எண்களை மறுபடியும் தட்டச்சு செய்தார்கள். அப்படித் தட்டச்சு செய்த தரவை விலைக்கு விற்பது தனித் தொழிலாகவே நடந்தது.

கார்ல் மாலமூட் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அரசு ஆவணங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் அவர். 1990-களில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் நிறுவனக் கணக்குகளை முதன்முதலில் இணையத்தில் வைத்தவர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக் குறியீடுகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்றியதும், சாம் பிட்ரோடாவுடன் சேர்ந்து ‘கோட் ஸ்வராஜ்’ என்ற நூலை வெளியிட்டதும் அவர்தான். ஒன்பது தொண்டு நிறுவனங்களின் படிவங்களை, வந்த வடிவிலேயே தரும்படி 2013-இல் வழக்குப் போட்டார். அதற்கென நடைமுறை வகுத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 6,200 டாலர் செலவாகும் என்றது வரித் துறை. அது ஏற்கத்தக்க காரணம் அல்ல என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வில்லியம் ஓரிக் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தார். 2016 ஜூனில், 2011 முதல் மின்வழி வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்கள் அமேசானின் சேமிப்பகத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

வெளிப்படைத்தன்மைக்காகப் போராடுகிறவர்கள் இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவது வழக்கம். நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேதான் தொடங்குகிறது. கோப்புகளை இறக்கிக்கொண்ட பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும், மிக எளிமையான ஒரு கேள்விக்குக்கூட உடனே விடை காண முடியாமல் நின்றார்கள்: ஒரு நிறுவனத்தின் மொத்த வருமானம் ஐந்தாண்டுகளில் கூடியதா, குறைந்ததா?

காரணத்தைப் புரிந்துகொள்ள எக்ஸ்.எம்.எல்.லின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1998-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்த முறை இது. ஓர் ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயரிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கலாம். படிவத்துக்குள் தலைப்புப் பகுதி, அதற்குள் நிறுவனம், அதற்குள் முகவரி, அதற்குள் ஊர் என்று மரம்போலக் கிளைக்கும். ஆனால் கணக்குப் போடவும் ஒப்பிடவும் நமக்கு வேண்டியது வரிசையும் பத்தியுமாக உள்ள அட்டவணை. மரத்தின் எந்தக் கிளையில் இருப்பது அட்டவணையின் எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று யாராவது விதி எழுதியாக வேண்டும். அந்த விதிகளின் தொகுப்பைப் பொருத்தப் பட்டியல் எனலாம்.

990 படிவத்தில் அந்த வேலை ஏன் மலைபோல் ஆனது? வரித் துறை ஆண்டுக்கு ஆண்டு, சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, கோப்பின் அமைப்பை மாற்றியது. 2013-இல் பெயர்களையே பெருமளவில் மாற்றிவிட்டது. அதுவரை ‘டோட்டல் ரெவின்யூ கரன்ட் இயர்’ என்ற பெயரில் இருந்த மொத்த வருமானம், அதன்பின் ‘சி.ஒய். டோட்டல் ரெவின்யூ அமவுன்ட்’ ஆனது. நிர்வாகியின் பெயர் ‘நேம் பர்சன்’ என்பதிலிருந்து ‘பர்சன் என்.எம்.’ ஆயிற்று. காகிதத்தில் படிவத்தைப் பார்க்கிறவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அதே கேள்வி, அதே கட்டம். பழைய பெயரைத் தேடும்படி எழுதிய நிரலோ 2013-க்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு வருமானமே இல்லை என்று சொல்லும். பிழைச் செய்திகூட வராது. அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் புரியும். மூலப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் இருக்கும்; நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிறகு வந்த பட்டாவில் வேறொரு எண் இருக்கும். நிலம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே காட்டும் பதிவேடு கிடைக்காவிட்டால், இரண்டும் ஒரே நிலம்தான் என்று நிரூபிப்பதற்குள் வட்டாட்சியர் அலுவலகப் படி தேய்ந்துவிடும். எண்ணை மாற்றிய துறையே அந்தப் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பதை யாரும் விவாதிப்பதில்லை. கணினித் தரவுக்கு மட்டும் அந்தக் கடமை கிடையாது என்று அரசுகள் நினைப்பதுதான் கோளாறு.

பெயர் மாற்றம் ஒரு பகுதிதான். பொருத்துவது வெறும் எழுத்தர் வேலை என்று நினைத்தால் அது தவறு. ஒவ்வொரு விதிக்குள்ளும் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது.

ஊதியத்தையே எடுத்துக்கொள்ளலாம். 990 படிவத்தின் ஏழாம் பகுதியில் ஒவ்வொரு நிர்வாகிக்கும் மூன்று தொகைகள் இருக்கும்: இந்த நிறுவனம் கொடுத்தது, இதனுடன் தொடர்புடைய பிற நிறுவனங்கள் கொடுத்தது, மற்றப் பலன்களின் மதிப்பீடு. குழுமமாக இயங்கும் மருத்துவமனைகளில் தலைவரின் சம்பளத்தைத் தாய் நிறுவனம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ‘சம்பளம்’ என்ற பத்திக்கு முதல் தொகையை மட்டும் எடு என்று விதி எழுதினால், அவர் சம்பளமே வாங்காமல் சேவை செய்கிறார் என்று அட்டவணை சொல்லும். மூன்றையும் கூட்டு என்று எழுதினால், அந்த மருத்துவமனை கொடுக்காத பணமும் அதன் கணக்கில் ஏறும். இரண்டுமே பொய்யல்ல. எது எடுக்கப்பட்டது என்பது வாசகருக்குத் தெரியாமல் போவதுதான் பொய்.

இன்னொன்று, வெற்றிடம். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கோப்பில் அந்தப் பெயரே இருக்காது. அதைப் பூஜ்யம் என்று கொள்வதா, பதில் இல்லை என்று கொள்வதா? சராசரி எடுக்கும்போது இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வரும். சில கட்டங்களில் ‘ஆம்’ என்பது ‘எக்ஸ்’ என்ற குறியாக வரும், சிலவற்றில் 1 என்று வரும், வேறு சிலவற்றில் ‘ட்ரூ’ என்று வரும். ஒரே ஆண்டுக்குத் திருத்திய படிவம் கொடுத்த நிறுவனத்துக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். கவனிக்காமல் கூட்டினால் வருமானம் இரட்டிப்பாகும். ஒரு படிவத்துக்கு மொத்த வருமானம் ஒன்றுதான். நிர்வாகிகளோ பத்துப் பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். அவர்களைத் தனி அட்டவணையில் வைத்து, எந்தப் படிவத்தைச் சேர்ந்தவர்கள் என்று இணைக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் கொடுக்கும் ‘990-ஈ.இசட்.’ என்ற குறும்படிவத்தில் மொத்த வருமானம் ஒன்பதாம் வரியில் வரும். முழுப் படிவத்தில் பன்னிரண்டாம் வரியில்.

இத்தனை தீர்மானங்களையும் முதலில் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எடுத்தது. எடுத்ததைத் தன் நிரலுக்குள்ளேயே புதைத்துவைத்தது. ஒரு செய்தி நிறுவனம் சொன்ன தொகையும் ஒரு பல்கலைக்கழகம் சொன்ன தொகையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிரிந்தன என்று கண்டுபிடிக்க இரண்டு பேரின் நிரலையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். நிரல் படிக்கத் தெரியாத கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் அதில் இடமே இல்லை. படிவத்தின் கட்டங்களுக்கு உண்மையில் என்ன பொருள் என்று நன்றாகத் தெரிந்தவர்களோ அவர்கள்தான்.

இதற்கு மாற்று, விதிகளை நிரலிலிருந்து வெளியே எடுத்து ஒரு சாதாரண அட்டவணையில் வைப்பது. ‘நான்பிராஃபிட் ஓப்பன் டேட்டா கலெக்டிவ்’ என்ற பெயரில் சேர்ந்த ஆய்வாளர்களும் நிரலர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் உருவாக்கிய பொதுப் பொருத்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் ஒரு விதி: கோப்பு மரத்தில் விவரம் இருக்கும் பாதை, அட்டவணையில் அதற்கு வைத்த பெயர், காகிதப் படிவத்தில் அது எந்தப் பகுதி எந்த வரி, எண்ணா எழுத்தா தேதியா, ஒரு படிவத்துக்கு ஒருமுறை மட்டும் வருவதா பலமுறை வருவதா, எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும். 2013-க்கு முந்தைய பாதையும் பிந்தைய பாதையும் ஒரே பெயரின் கீழ் வரும். 2017-இல் பல அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் வாஷிங்டனில் கூடி, பட்டியலைப் படிவத்தோடு வைத்து வரி வரியாகச் சரிபார்த்தார்கள். ‘ஐ.ஆர்.எஸ்.எக்ஸ்.’ என்ற இலவச மென்பொருளும் இதே வழியைப் பின்பற்றுகிறது. படிவத்தைப் பற்றிய அறிவைத் தனிக் கோப்புகளில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பிரிக்கிறது.

இதன் ஆதாயம் வெளிப்படை. படிவம் மாறினால் பட்டியலில் ஒரு வரிசை சேர்த்தால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை. ஒரு விதி தவறு என்று தோன்றினால் எந்த வரிசை என்று சுட்டிக்காட்டலாம். எக்செல் திறக்கத் தெரிந்த தணிக்கையாளர் ஒருவர் நிரலரோடு சரிக்குச் சரி வாதாடலாம்.

விதி வெளியே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரித் துறையே ஒரு பாடம். ‘990-டி’ என்பது வேறு வகையான வருமானத்துக்கான படிவம். தொண்டு நிறுவனங்கள் கொடுக்கும் 990-டி மட்டுமே பொதுப் பார்வைக்கு உரியது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் தனிநபர்களின் பெயரிலும் இதே படிவம் வரும், அது ரகசியம். இந்தப் படிவமும் மின்வழிக்கு மாறியபோது, இரண்டையும் பிரிக்க வேண்டிய இடத்தில் நேர்ந்த நிரல் பிழையால் ஏறத்தாழ 1,20,000 பேரின் விவரங்கள் பதிவிறக்கப் பக்கத்துக்கு வந்துவிட்டதாக 2022 செப்டம்பரில் துறை ஒப்புக்கொண்டது. அகற்றிய தரவின் பெரும்பகுதி சில மாதங்களில் மறுபடியும் அதே பக்கத்தில் ஏறியது தனிக் கதை. எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்பதும் ஒரு விதிதான். ‘இந்தப் பிரிவைச் சேர்ந்த நிறுவனமாக இருந்தால் மட்டும் வெளியிடு’ என்ற ஒற்றை வரி எல்லோரும் படிக்கும் பட்டியலில் இருந்திருந்தால், அது விடுபட்டதை வெளியில் இருப்பவர்கூட முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம்.

பொருத்தப் பட்டியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ‘இது இருந்தால் அதை எடு, அதுவும் இல்லாவிட்டால் இன்னொன்றைக் கூட்டு’ என்று விதிகள் சிக்கலாகிக்கொண்டே போனால் பட்டியலே ஒரு நிரல் மொழியாகிவிடும். அதைப் படிக்க மறுபடியும் நிரலர் வேண்டும். எக்ஸ்.எம்.எல். ஆவணங்களை உருமாற்றுவதற்கென்றே 1999-இல் வந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற மொழிக்கு அதுதான் நேர்ந்தது. அதைச் சரளமாக எழுதுகிறவர்கள் நிரலர்களிலேயே குறைவு. எனவே எளிய விதிகள் பட்டியலில் இருக்கட்டும், விதிவிலக்குகள் நிரலில் இருக்கட்டும், எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கட்டும். நூற்றுக்கு நூறு இல்லை என்பதற்காக மொத்தத்தையும் இருட்டில் வைக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மாலமூட் வழக்காடி வாங்கிய உரிமை இங்கே சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 2(ஜே), கணினியில் உள்ள தகவலை வட்டு, நாடா அல்லது பிற மின்னணு வடிவில் பெறுவதையும் உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் வந்தது. நடப்பு வேறு. தேர்தலில் நிற்கும் வேட்பாளர் தன் சொத்து, கடன், குற்ற வழக்குகளைப் படிவம் 26-இல் உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் வந்த நல்ல ஏற்பாடு. 2020-இல் அதைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே நிரப்பும் வசதியும் வந்தது. நிரப்பியதை அச்செடுத்து, நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுக்க, அந்தக் காகிதம் ஸ்கேன் செய்யப்பட்டுப் படமாக ஏறுகிறது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போன்ற அமைப்புகள் அதைப் பார்த்து மறுபடியும் கையால் உள்ளிடுகின்றன. ஐ.ஆர்.எஸ். டி.வி.டி. விற்ற அதே முறை!

நிறுவனங்கள் விவகார அமைச்சகம் ஒரு படி முன்னே இருக்கிறது. 2010-11 நிதியாண்டு முதல், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், 5 கோடி ரூபாய் மூலதனம் அல்லது 100 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவையும் தங்கள் கணக்கை எக்ஸ்.பி.ஆர்.எல். என்ற எக்ஸ்.எம்.எல். வகையில் தர வேண்டும் என்றது. வங்கிகளுக்கும் காப்பீட்டு, மின் நிறுவனங்களுக்கும் தொடக்கத்தில் விலக்கு. எந்தத் தொகைக்கு எந்தப் பெயர் என்ற அகராதியையும் வெளியிட்டது. பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் பொதுமக்களில் ஒருவர் பார்க்க விரும்பினால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமோ இதே வகைக் கோப்புகளை இலவசமாகத் தருவதோடு, தானே அட்டவணையாக்கியும் காலாண்டுதோறும் விளக்கக் குறிப்போடு வெளியிடுகிறது.

தொண்டு நிறுவனங்கள் விஷயத்தில் நாம் பின்னே போயிருக்கிறோம். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள், வந்த பணத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தளத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் நீக்கியது. அதே மாதம், அமைச்சகத்தின் தளத்தில் பல ஆண்டுகளாக இருந்த ஆண்டறிக்கைகளும் அமைப்புகளின் பட்டியலும் மறைந்தன. அமெரிக்காவில் 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், எல்லாத் தொண்டு நிறுவனங்களும் மின்வழியே படிவம் தர வேண்டும், துறை அதைக் கணினி படிக்கும் வடிவில் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரே காலத்தில் இரண்டு நாடுகள் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன.

கேட்க வேண்டியவை மூன்று. மின்வழி வந்த படிவத்தை, ரகசியப் பகுதி நீக்கி, வந்த வடிவிலேயே தர வேண்டும். கோப்பு அமைப்பின் ஒவ்வொரு பதிப்பையும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நடப்பில் இருந்தது என்ற குறிப்போடு பாதுகாக்க வேண்டும். மாற்றம் வரும்போதெல்லாம் பழைய பெயரையும் புதிய பெயரையும் எதிரெதிரே காட்டும் பொருத்தப் பட்டியலைத் துறையே வெளியிட வேண்டும். எது ரகசியம், ஏன் ரகசியம் என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் இன்றைய சட்டத்தைக் கொண்டே வற்புறுத்தலாம். மூன்றாவதற்குப் புதிய விதி தேவைப்படும்.

அந்த விதியைத் தொடங்கிவைக்கப் படிவம் 26 பொருத்தமான இடம். 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன் அது திருத்தப்பட்டு, ஐந்தாண்டு வருமான விவரமும் வெளிநாட்டுச் சொத்து விவரமும் சேர்ந்தன. ஒரே வேட்பாளரின் 2014 பத்திரத்தையும் 2019 பத்திரத்தையும் ஒப்பிட வேண்டுமானால், எந்தப் பத்தி எதற்கு ஈடு என்று இன்றும் அவரவர்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த திருத்தம் அரசிதழில் வரும்போது இரண்டு பக்கப் பிற்சேர்க்கையாக அந்த ஒப்பீட்டையும் சேர்க்கச் சட்ட அமைச்சகத்தைக் கேட்பது, எந்தக் கட்சிக்கும் சார்பானதோ எதிரானதோ அல்லாத கோரிக்கை. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வியாக எழுப்பினால்கூடப் போதும், அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும்.